ஐம்பது

மார்ச் காற்று கோபுரத்தை மடக்கிப் போட்டுவிட்டது.
பதினோரு மீட்டர் அலுமினியம்
ஆட்டுக்கொட்டகைக் கூரைமேல்
குடித்துவிட்டு விழுந்தவன் போலக் கிடந்தது.
புதிது வாங்க ரியோ கய்யேகோஸ் போகவேண்டும்:
நானூறு கிலோமீட்டர், பாதி சரளை.
கம்பளி விற்ற பணம் இன்னும் வரவில்லை.

வேலி இருந்தது.
சாந்தா குரூஸின் இந்த மூலையில்
வேலிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.
மேல்கம்பியில் அறுபத்திரண்டு மீட்டரைப் பிரித்து
கம்பத்துக்குக் கம்பம்
உடைந்த ஒயின் பாட்டிலின் கழுத்தைச் செருகினேன்.
ஜன்னலோர மூலைக் கம்பத்தில்
தானியங்கி டியூனரை முடுக்கி
மழைக்கு ஒரு மருந்து டப்பாவைக் கவிழ்த்தேன்.

என் ரேடியோவுக்குத் தெரிந்த ஒரே எண் ஐம்பது.
ஐம்பது ஓம் என்றால் வாய் திறக்கும்.
வேறெது என்றாலும் அனுப்பியது திரும்பி வரும்,
விலாசம் தப்பிய கடிதம் போல.
தன் குரலே தன்னைச் சுட
மெல்ல மெல்லத் தணிந்து ஊமையாகிவிடும்.
வேலியோ எந்த எண்ணிலும் நிற்பதில்லை.
பனி விழுந்தால் ஒன்று, காய்ந்தால் ஒன்று,
முதுகு சொறிய ஒரு கிடேரி சாய்ந்தால் இன்னொன்று.

பத்து வாட்டில் வெற்றலை ஒன்றை விட்டுப் பார்த்தேன்.
டப்பாவுக்குள் ரிலேக்கள் எழுந்தன,
தகரத்தில் ஆலங்கட்டி.
ஒரு சுருள் சேர், ஒரு சுருள் விடு,
மின்தேக்கி ஒன்று, வேண்டாம், இரண்டு.
நான்கு நொடி. பச்சை விளக்கு.

வேலி மாறவில்லை. அதே துரு, அதே ரோமம்.
டியூனர் யாரையும் திருத்துவதில்லை.
நடுவில் உட்கார்ந்துகொண்டு
இவன் முரண்டை அவனுக்குத் தெரியாமல்
தன் சுருளுக்குள் வாங்கிக்கொள்கிறது.
அது யாருடைய வேலி என்று கேட்கவுமில்லை.

ஆறு வருடமாக நானும் தம்பி ஃபெர்மினும்
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.
அப்பாவின் வரைபடத்தில் பென்சில் கோடு தடிமன்.
அந்தத் தடிமனுக்குள் முப்பது மீட்டர் புல்.

மாலை ஏழுக்கு வரிசை அழைப்பு,
எண்பது மீட்டர் அலைவரிசையில்.
ஒட்டிலியா பெயர் பெயராக வாசிப்பாள்.
ஃபெர்மினிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்வேன்.
அவனும் அப்படியே.
இருவர் காதும் அதே அலையில் திறந்திருக்க
ஒவ்வொரு சொல்லையும் இரண்டாம் முறை சொல்வாள்
அந்தப் பொறுமைசாலி.
"உன் கிணற்று வால்வு கசிகிறதாம்."
"தெரியும் என்கிறானாம்."

வேலி வழியே பேசிய முதல் மாலை
நூறு வாட்டில் நான் வானிலை சொல்லிக்கொண்டிருந்தேன்.
காற்று மேற்கு, அழுத்தம் இறக்கம்...
நடுவில் ரிலேக்கள் தடதடத்தன,
பச்சை சிவப்பாகி மீண்டும் பச்சை.
கிடேரிதான், என்று நினைத்துத் தொடர்ந்தேன்.
கிடேரிகள் அப்போது
கொட்டகைக்குள் இருந்தன என்பது
பிறகுதான் உறைத்தது.

இருபது நிமிடம் கழித்து,
ஒட்டிலியா வரிசையை மூடப்போகும் நேரம்,
அழைப்புக்குறி சொல்லாமல் ஒரு குரல்:
"கம்பி சுட்டது."

யாரும் பேசவில்லை.
ஒட்டிலியாகூட இரண்டாம் முறை சொல்லவில்லை.
இரைச்சல் மட்டும்,
சரளைமேல் மழை போல.

பொத்தானை அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன்.
"எந்தக் கை?"

"இடது. பெருவிரல்.
எத்தனை வாட்டில் விடுகிறாய்?"

"நூறு."

"நூறு எதற்கு," என்றான் ஃபெர்மின்,
"ஐம்பது போதும்.
எனக்குக் கேட்கிறது."

குமிழைத் திருப்பினேன்.
வெளியே டப்பாவுக்குள்
ஒரே ஒரு ரிலே, டக் என்று,
இடம் மாறி உட்கார்ந்தது.