ஏன் என்றொரு விசை

பிப்ரவரி. கோட்கா துறைமுகம் உறைந்து கிடந்தது.
சேமிப்பு வங்கியின் பின்னறையில்
ரைலி ஹக்கரைனெனுக்கு எதிரே பதினோரு வாரம் உட்கார்ந்திருந்தேன்,
அவள் தலைக்குள் இருப்பதை
எனில் என்றும் ஆகவே என்றும் பிரித்தெடுக்க.

ஒருவருக்குக் கடன் தரலாம் என்று எப்படித் தெரிகிறது?
"தெரிகிறது" என்றாள்.
முதல் நாள் அவ்வளவுதான்.
ஏலக்காய் ரொட்டி நன்றாயிருந்தது.

பிறகு மெல்ல வந்தன.
ஒரே முகவரியில் ஐந்தாண்டு எனில்.
சம்பளம் விழுந்த அன்றே முழுதும் எடுக்காதவர் எனில்.
காரோ படகோ, கேட்க வந்தவர்
நிறத்தை முதலில் சொன்னால், வேண்டாம்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்: விதி நாற்பத்தொன்று.
இதில் எவ்வளவு நம்பிக்கை,
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே?
ஜன்னலைப் பார்த்தாள்.
"புள்ளி ஏழு. பனி பெய்தால் புள்ளி ஆறு."

முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள்.
பச்சை எழுத்துத் திரைக்கு ஒரு விசை வைத்தோம்: ஏன்?
அழுத்தினால் இயந்திரம் தன் காரணத்தைச் சொல்லும்,
விதி எண்ணோடு.
மூன்று முறை அழுத்திப் பார்த்தாள் ரைலி.
"இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை."
புகாராக அல்ல,
மணி என்னவென்று சொல்வது போல.

சோதனைக்குப் பழைய கோப்புகள் நூறு.
தொண்ணூற்றொன்றில் அதுவும் அவளும் ஒரே சொல்.
மிச்சம் ஒன்பதில் அது மறுத்தது, அவள் தந்திருந்தாள்.
ஏழு பேர் கடைசி மார்க்கா வரை கட்டியிருந்தார்கள்.
மேலாளர் வீர்தனென் மற்ற இரண்டை மட்டும்
விரலால் தட்டிவிட்டுப் போனார்.

"அவை திரும்பாதென்று தெரியும்" என்றாள்.
தெரிந்துமா?
ரேடியேட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்த கம்பளிக் கையுறையில்
ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.
"தேதியைப் பாருங்கள். மரக்கூழ் ஆலையை மூடிய வாரம்."

ஆலை மூடினால் எனில், என்று தட்டத் தொடங்கினேன்.
"வேண்டாம்.
எழுதினால் மேலே யாராவது படித்து அழித்துவிடுவார்கள்.
எழுதாமலிருந்தால் இரண்டு பேருக்காவது."

மே மாதம் கவுண்டருக்கு வந்தது இயந்திரம்,
அதோடு வேகமாகத் தட்டத் தெரிந்த ஒரு பையனும்.
முதல் ஆள் படகுக்குக் கேட்டார். மறுப்பு.
ஏன் என்றார்.
பையன் விசையை அழுத்தி
நாற்பத்தொன்றை உரக்கப் படித்தான்.

பின்னறைக் கதவு திறந்தது.
ரைலி வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"நீலமா," என்று கேட்டாள்,
"கருநீலமா?"