தொங்கல் கணக்கு

பதவி உயர்வுக் கடிதம்
கைப்பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேணும் என்றார் பீரிஸ் சேர்.

கொள்ளுப்பிட்டியில் ஏறினேன்.
இருக்க இடமில்லை. கதவோரம், கடல் பக்கம்.

பதினாறு வருசமாகப் பிறர் கணக்கைப் பார்க்கிறேன்.
பற்றுச்சீட்டு இல்லாத ஒரு சொல்லையும் நம்பியதில்லை.
"எனக்கு அதிகாரத்தில் ஆசையில்லை" என்று
நேற்றிரவு தேவராஜனிடம் சொன்னேனே,
அதற்கு எங்கே சான்று?

எந்த மணித்தியாலத்தில் மணிக்கூட்டை மறந்தேன்?
தெமட்டகொடை பிஸ்கட் களஞ்சியத்தில்,
மாச்சாக்கின் மேல் குந்தியிருந்து
ஐந்நூற்று நாற்பது ரூபாயைத் தேடியபோது.
மின்விசிறி இல்லை. தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.
எழுநூற்றுப் பத்து
நூற்றெழுபதாய்ப் புரண்டிருந்ததைக் கண்டு
தனியே சிரித்தேன்.
களஞ்சியக்காரர் பயந்துபோனார்.

கூட்டங்களில்?
கூரைப் பலகைகளை எண்ணியிருக்கிறேன். எண்பத்துநாலு.

நிஷாந்தவை நிறுத்தும் கடிதத்தை
என் கையால் கொடுத்த பிறகு
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

மற்றப் பக்கத்தில் இதையும் பதிய வேணும்:
நான் உள்ளே போக
பயிலுநர்கள் கதிரையைத் தள்ளி எழும்புவது
எனக்குப் பிடிக்கும்.
ரொறன்ரோ மச்சாள்
"இன்னும் அதே இடத்திலயா?" என்று கேட்ட தொனியை
இரண்டு வருசமாய்ப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
கடிதத்தைப் பிரித்ததும் என் கண் போனது
சம்பளத்துக்கு அல்ல,
அவளுடைய முகத்துக்கு.

பம்பலப்பிட்டியில் ஒரு அலை
தண்டவாளக் கல் வரை வந்து திரும்பியது.

ஆசையில்லை என்றது பொய்.
இருக்கிறது.
அந்த வேலையில் இல்லை,
எழும்பும் கதிரைகளில்.

வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் இருந்து
கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்:
முகாமையாளர் பதவி வேண்டாம்,
மோசடி விசாரணைப் பிரிவில் ஓரிடம் தாருங்கள்.
"பணிவின் காரணமாக" என்றும் எழுதி
உடனே வெட்டினேன்.

இந்த மறுப்பில் பயமும் கொஞ்சம் இருக்கலாம்.
எவ்வளவு என்று தெரியவில்லை.
இரண்டு தரம் கூட்டியும்
பக்கங்கள் சமப்படவில்லை.
வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டு
கடிதத்தை மடித்தேன்.

மாதம் நாற்பதாயிரம் வராமல் போகும்.
மகளின் டியூஷன், லிஃப்ட் திருத்தப் பங்கு,
எல்லாம் தேவராஜனுக்குச் சொல்ல வேணும்.
காலி வீதியைக் கடக்கும்போது
சொல்லப்போகும் வசனத்தை ஒத்திகை பார்த்தேன்.
ஆசையில்லை என்ற சொல்
இரண்டு தரம் தானாக வந்தது.
இரண்டு தரமும் எடுத்தேன்.