பன்னிரண்டு நிமிடம்

பூச்சியம் முதல் பத்து வரை
ஓர் எண் தருக என்றது படிவம்.

ஏஜக்ஸ் நகரில், ஹார்வுட் அவெனியூவில்,
பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
பெப்ரவரிச் சேற்றுப்பனி என் சப்பாத்திலிருந்து கரைந்து
கம்பளத்தில் வட்டம் போட
பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.
பேனை பிடிப்பதே ஐந்து.
எழுதினால் ஆறு.

அதற்கு முன்
ஒன்பது குப்பி இரத்தம் கொடுத்தாயிற்று.
இரண்டு தரம் அந்தக் குழாய்க்குள் படுத்து
இரைச்சல் கேட்டாயிற்று.
"ஒண்டுமில்லையாம்" என்று
குகதாசன் காரில் வைத்துச் சந்தோஷப்பட்டார்.
அந்த ஒண்டுமில்லாதது
என் இரு தோளிலும் ஏறிக்கொண்டு
வீடுவரை வந்தது.

ஃபைப்ரோமயால்ஜியா.
பெயர் கிடைத்த அன்று அழவில்லை.
நாலு தரம் சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு மட்டும் நோகவில்லை.

கலியாண வீட்டில் ஒருத்தி சொன்னாள்:
"பாத்தால் வருத்தக்காரி மாதிரியே இல்லையே, அக்கா."
கொசுவம் மடிப்பதற்கிடையில் மூன்று முறை
நான் கட்டிலில் இருந்தது
சேலைக்குத் தெரியும்.

ஆலோசகரின் பெயர் மரிசெல்.
எண் எழுதாத தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு
உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல் என்றாள்.
ஒரு சொல்லா?
முழங்காலில் இருப்பது உளைவு.
பிடரியில் விறைப்பு.
விரல் மொழியில் கடுப்பு.
மழைக்கு முதல் நாள் எலும்புக்குள் குடைச்சல்.
போர்வை பட்டாலே தோல் துடிக்கிறதே,
அது எரிவு அல்ல, காந்தல்.
எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினால்
அடித்துப் போட்ட அலுப்பு.
நான் சொல்லச் சொல்ல
ஆங்கில எழுத்தில், பிழை பிழையாக,
அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.
ஐந்து வருடத்தில் முதல்முறை
என் உடம்பை ஒருவர்
சொல்வதெழுதினார்.

அடுத்த கிழமை ஒரு மணி தந்தாள்.
எலுமிச்சை வடிவம்; திருகினால் கிர்ரென்று ஓடும்.
நல்ல நாளில் எல்லா வேலையும் செய்து
மூன்று கெட்ட நாளைக் கடன் வாங்காதீர்கள்.
பன்னிரண்டு நிமிடம்.
வேலை முடிந்தால் அல்ல,
மணி அடித்தால் நிறுத்துங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பிக்கரிங் பக்டரியில் பெல்ட் ஓட ஓட
நிமிடத்துக்கு இருபத்தெட்டுப் பெட்டி ஒட்டியவள் நான்.
அங்கேயும் மணி இருந்தது.
தொடங்கு என்று மட்டுமே அடிக்கும்.

பாதி வெங்காயத்தில் அடித்தது.
கத்தியை வைத்தேன்.
கை தானாக எடுத்தது.
வைத்தேன்.
மிச்சப் பாதி பலகையில் கிடந்து
என்னையே பார்த்தது.
இவ்வளவு பெரிய சண்டை
வாழ்நாளில் ஒருவரோடும் பிடித்ததில்லை.

இப்போது வீடெல்லாம் பாதிகள்.
பாதி மடித்த துவாய். பாதி கூட்டிய தரை.
ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து
மிச்ச வெங்காயத்தை மொத்தம் மொத்தமாய் வெட்டுகிறாள்.
ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் பழகுகிறேன்.
பழைய காலுறைக்குள் அரிசி நிரப்பி
மைக்ரோவேவில் சூடாக்கிப் பிடரியில் வைக்கிறேன்.
வாசத்துக்கு அவள் மேலிருந்து கேட்கிறாள்:
"சோறு ஆச்சோ அம்மா?"

குகதாசன், "இப்ப சுகமே?" என்று கேட்பதை விட்டுவிட்டார்.
காலைத் தேநீரை வைத்துவிட்டு
"இண்டைக்கு என்ன சொல்?" என்கிறார்.
கடுப்பு என்றால்
போத்தல் மூடிகளைத் தளர்த்தி வைத்துவிட்டு
வேலைக்குப் போவார்.
காந்தல் என்றால்
தொடாமல் போவார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத
எனக்கும் ஆசைதான்.
நேற்றிரவு ஏரிக்காற்று யன்னலை உலுக்கியது.
லாச்சிக்குள் ஏதோ தேட
பக்டரி அடையாள அட்டை வந்தது,
அதில் சிரிக்கும் என் முகத்தோடு.
குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி
எலுமிச்சையைத் திருகினேன்.
அழ, பன்னிரண்டு நிமிடம்.

அடித்தது.

திருப்பித் திருகினேன்.