ஏழு மூட்டை

எனக்குச் சம்பளம் தரை துடைக்க.
ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில்
மறதி கிளினிக்கின் கதவு அரைவாசி திறக்கும்.
"பலீலா, ஒரு நிமிஷம்" என்று
சிங்களத்தில் கூப்பிடுவா டொக்டர் நோனா.
மொப்பைச் சுவரில் சாய்த்து
ஈரக்கையை முந்தானையில் ஒற்றி
உள்ளே போனால் நான் மொழிபெயர்ப்பாளர்.
அந்த வேலைக்கு ஆள் கேட்டு
நாலு வருசமாகக் கடிதம் எழுதுகிறார்களாம்.

இன்றைக்கு வீரபெருமாள்.
எழுபத்தெட்டு வயது.
ஐந்தாம் குறுக்குத்தெருவில் நாற்பது வருசம் நாட்டாமை.
இன்னும் முதுகு முன்னால்தான் வளைந்திருக்கிறது,
யாரோ இறக்க மறந்துபோன
பருப்பு மூட்டை ஒன்று மேலே இருக்கிற மாதிரி.

போன தடவை எனக்கு லீவு.
சிங்களத்திலேயே கேட்டு முடித்துவிட்டார்கள்.
முப்பதுக்குப் பதினொன்று.
பைலில் சிவப்பு வட்டம்.

அவருக்குச் சிங்களம் தெரியாமலில்லை.
கூட்டத்தில் வழி கேட்கிற சிங்களம்,
முதலாளியிடம் கூலி கேட்கிற சிங்களம்,
பொலிஸுக்கு அடையாள அட்டை நீட்டுகிற சிங்களம்.
நினைவைத் தேடுகிற சிங்களம்
அவருக்கு வாய்க்கவில்லை.

இது என்ன மாதம், ஐயா?
"ஆடி. வேல் தேர் போய்ட்டுதே."
டொக்டர் நோனா போனில் தேடிப் பார்த்து
ஒன்று போட்டா.

என்ன பருவகாலம்?
"மூட்டை நனையாத காலம்."
அதை நான் எப்படிச் சொல்ல.
வெயில் என்றேன். இன்னும் ஒன்று.

மணிக்கூடு வரையச் சொன்னார்கள்.
மூட்டைக் கொக்கியைப் பிடிக்கிற மாதிரி
பென்சிலைப் பிடித்தார்.
கடதாசி கிழிந்தது.
"கான் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லுவேன் தங்கச்சி,
வரைஞ்சதில்லை."

நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்.
அவர் டொக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மேசைக்கு அடியில் தன் செருப்பைப் பார்த்தார்.
நான் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்:
லொறியில நூறு மூட்டை.
நடைக்கு ஏழு இறக்குறாங்க.
மிச்சம்?

கண்ணை மூடினார். தோள் ஒரு பக்கம் சரிந்தது.
"தொண்ணூத்தி மூணு. எம்பத்தி ஆறு.
எழுபத்தி ஒம்பது. எழுபத்தி ரெண்டு.
அறுபத்தஞ்சு... இதுல ஒரு டீ குடிப்பம்."

போர்மில் மூட்டை இல்லையே என்றா நோனா.
பேனை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு ஐந்து என்று எழுதி
ஓரத்தில் மிகச் சின்னதாக ஏதோ குறித்தா.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன மூன்று சொல்.
அப்பிள், மேசை, ஒரு ரூபாய்க் குற்றி.
என் தொண்டைக்குள் மூன்றும் முட்டிக்கொண்டு நின்றன.
உதட்டை அசைத்தால் போதும், பிடித்துக்கொள்வார்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அதா? பூரணத்துக்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்.
வெளிய பெஞ்சில இருக்கா. கேளுங்க."

கூட வந்த மருமகள் தவமலர்
கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்,
அவிழ்த்தாள், சுற்றினாள்.
"ஆறு வருசமாச்சு அக்கா" என்றாள் என்னிடம் மட்டும்.
அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

பதினெட்டு.
நோய் இருக்கிறதுதான் என்றா நோனா, மருந்து எழுதினா.
பதினொன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஏழு.
அந்த ஏழை அவர் மறக்கவில்லை.
போன மாதம் இந்த அறையில் வைத்து
நாங்கள் ஏற்றிவிட்ட ஒரு நடை அது.
மறதி அவருடையது, சரி.
அது மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.

வெளியே வந்தவர் என் ஈரத்தரையைக் கண்டு நின்றார்.
சுமந்தவனுக்குத் தெரியும் வழுக்கல்.
காயும் வரைக்கும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்,
பக்கத்தில் ஓராள் அளவுக்கு இடம் விட்டு.

தவமலர் நின்றுகொண்டே இருந்தாள்.
நான் மொப்பை எடுத்தேன்.
கால் தூக்குங்க என்று
அவரிடம் சொன்னேன்.
பக்கத்து இடத்திடமும்
சொல்லியிருப்பேன் போல.