கடிபட்ட இலை

டயர் வெடித்திராவிட்டால்
அந்தப் பூ இன்னும் கொஞ்ச காலம்
பெயரில்லாமல் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாங்கிரிக்கு வடக்கே ஒரு ஜிப்சம் குன்று.
உடைந்த கண்ணாடியை யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல்
வெயிலில் கண் கூசும்.
ஸ்டெப்னியிலும் காற்றில்லை.
பட்டறையிலிருந்து ஆள் வர ராத்திரி ஆகும் என்றார்கள்.
பகலில் நாங்கள் இரண்டு முறை தாண்டிப்போன செடிதான்:
முழங்கால் உயரம்கூட இல்லை,
ஊசியில் கோக்க எச்சில் தொட்டு முறுக்கிய
நூல்நுனிகள்போல் மொட்டுகள்.
'வாடியது, விடு' என்றாள் முஸெய்யன்.

பொழுது சாய்ந்து குளிர் ஏறி
கார் கதவைத் திறந்தால், வாசனை.
கிராம்பும் ஈர நாணயமும் ஒருசேர.
டார்ச் அடித்தோம்.
முறுக்கெல்லாம் பிரிந்து
தண்டே இல்லாததுபோல் வெறும் வெள்ளை
இருட்டில் நின்றது.
இதழ் ஐந்துதான். ஒவ்வொன்றும் நடுவில் பிளந்து
பத்து என்று ஏமாற்றும்.
முஸெய்யன் மண்டியிட்டாள்.
கெட்ட வார்த்தை ஒன்றை
மிக மெதுவாக, மிக அன்பாகச் சொன்னாள்.

எண்ணினோம். பதினொன்று.
மறுநாள் அடுத்த குன்றிலும் அதற்கடுத்ததிலும் தேடிவிட்டு வந்து
மறுபடி எண்ணினோம்.
அதே பதினொன்று.

பெயர் வைக்க ஓர் உடல் வேண்டும். அதுதான் விதி.
வேரோடு எடுத்து, நாளிதழில் அழுத்தி, உலர்த்தி
அங்காராவில் ஓர் அலமாரியில் கிடத்த வேண்டும்.
பதினொன்றில் எதை?
கையில் களைக்கொத்தோடு
ஒவ்வொன்றின் முன்னும் குந்தினாள், எழுந்தாள்.

அதற்குள் சாத்தில்மிஷின் ஆடு வந்து
ஆறாவது செடியில் பாதியை மென்றுவிட்டது.

நாங்கள் கத்திய கத்தலில்
அவர் பயந்து பர்ஸை எடுத்தார், எவ்வளவு என்று.
மீதிப் பாதியைத் தோண்டினாள் முஸெய்யன்.
அவள் முகத்தில் இருந்தது
நன்றி மாதிரியும் இருந்தது.

குளிர்காலம் முழுக்க அவள் எழுதினாள், நான் வரைந்தேன்.
பல்லாண்டுச் செடி. தண்டு பிசுபிசுப்பானது.
புல்லிக்குழல் பதினான்கு மில்லிமீட்டர், நரம்பு பத்து.
மகரந்தத்தாள் பத்து. சூல்தண்டு மூன்று.
வாசனைக்கு இரண்டே சொல்: உண்டு, இரவில்.
பசையில் ஒட்டிச் செத்த எறும்புகளுக்கு
அந்த வாக்கியங்களில் இடமே இல்லை;
நான் மட்டும் ஒன்றை வரைந்து வைத்தேன்.

வியன்னாவிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்:
'அடியிலையின் நுனி பிறைபோல் வெட்டுண்டிருக்கிறதே,
இது இனத்தின் குணமா?'
சிரித்த சிரிப்பில் தேநீர் கவிழ்ந்தது.
'ஆட்டின் குணம்' என்று எழுதினாள்.
அழித்துவிட்டு, 'மேய்ச்சல் சேதம்.'

முழு இலையாகவே போட்டுவிடு,
மற்ற பத்தின் புகைப்படம் இருக்கிறதே என்றாள்.
போடலாம்தான்.
ஆனால் லென்ஸுக்கு அடியில் இருந்த இலைக்கு
பல் பட்ட இடம் அத்தனை சுத்தமாய்த் தெரிந்தது.
எங்கள் தொழிலில் இருப்பதற்கு முழுக்கோடு,
இருந்திருக்கும் என்பதற்குப் புள்ளிக்கோடு.
பதினேழு புள்ளி வைத்தேன்.
கை வலித்தது, ஏனென்று தெரியவில்லை.

போன மே மாதம் சாத்தில்மிஷ் அழைத்தார்.
குன்றுக்குக் கீழே லாரிகள் வந்து நிற்கின்றனவாம்.
என்ன பெயர் வைத்தோம் என்று அவர் கேட்கவில்லை.
'ஆட்டைக் கட்டிவிட்டேன்' என்றார் முதலில்.
பிறகு மூச்சிரைக்கும் சத்தம், கல் சரியும் சத்தம்.
'ஏழு... எட்டு... ஒன்பது.'

நான் ஒன்றும் பேசவில்லை.

'இருங்கள், டார்ச்சை இந்தப் பக்கம் திருப்புகிறேன்.'