மூன்றாவது பாட்டுக்கு முன்னால்

அந்தக் குரல் அவளுடையதுதானா என்று கேட்டு
நேற்று ஒருத்தன் வந்திருந்தான்.
பர்மியப் பையன். மரியாதையாகச் செருப்பை வாசலில் விட்டான்.
கையில் போன். போனுக்குள்
ஐம்பது வருஷத்துக்கு முந்தின இரைச்சல்.

கமாயுட் தண்டவாளத்தை ஒட்டி
கவுஸ் மைதீன் பாயின் பருப்புக் கிடங்கு.
நாலு பக்கமும் உளுந்து மூட்டை, கூரை முட்ட.
உளுந்து எதிரொலிக்காது என்று
கண்டுபிடித்தது தான்தான் என்பார் பாய்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கரண்டு நிலையாய் நிற்கும்.
ஒரு அக்காய் ரெக்கார்டர், ஒரு மைக்,
அதன் தலையில் யாருடைய கைக்குட்டையோ.
என் வேலை
சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

எனக்குப் பதிமூன்று. அவளுக்குப் பதினேழு.
பூரணவல்லி.
அங்கேயே மூட்டை தூக்கின சடையாண்டியின் மகள்.
கன்னத்தில் தனாக்கா காய்ந்து வெடித்திருக்கும்.
பாடினது மூன்றே மூன்று:
தீமிதி அறிவிப்பு ஒன்று,
பல்பொடிக்கு ஒன்று,
பெகுவில் ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்து.
வாழ்த்தில் பெண்ணின் பேர் தப்பு.
திருத்த டேப் இல்லை.
அந்தப் பெண் வேறு யாராகவோ
நூறு வருஷம் வாழட்டும் என்று அனுப்பிவிட்டோம்.

நன்றாகப் பாடினாளா?
இல்லை.
மேலே ஏறும்போது குரல்
இருட்டில் கடைசிப் படியைத் தேடும்.
கூலி எட்டு கியாட், அதோடு
மடியில் கொஞ்சம் உடைந்த உளுந்து.

தொல்லை சரக்கு வண்டிதான்.
லெவல் கிராசிங்கில்
பல்லவி முடிகிற இடம் பார்த்துக் கூவும்.
பாய் டேப்பை நிறுத்தமாட்டார், காசு.
அவளே நிறுத்தப் பழகினாள்.
கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாயை மூடி,
கூவல் தீரட்டும் என்று நின்று,
பிறகு அந்தச் சொல்லை
நிறைந்த தம்ளரை வைப்பதுபோல வைத்தாள்.

அப்புறம் அவள் நின் நுவே ஆனாள்.
மோல்மேனிலிருந்து மிச்சினா வரைக்கும்
டீக்கடைக்கு டீக்கடை அவள் கேசட்.
கடைசிச் சொல்லுக்கு முன்னால் அந்த நிறுத்தம் வந்தால்
கோப்பையைத் தூக்கின கை அப்படியே நிற்கும்.
பத்திரிகையில் எழுதினார்கள்:
செத்துப்போன காதலன் என்றார் ஒருத்தர்,
பகோடா மணி அடங்கும் மௌனம் என்றார் இன்னொருத்தர்.
எனக்கு மட்டும்
அந்த இடத்தில் சரக்கு வண்டி போகும்.

பேட்டிகளில் அவள் பிறந்தது பின்மனா.
அப்பா பள்ளிக்கூட வாத்தியார்.
இருக்கட்டும்.
என் அட்டையிலும்தான் கோ தான் நைங் என்று இருக்கிறது.
அந்த வருஷங்களில்
பேரைக் கழற்றாமல் யார் வரிசையில் நின்றோம்.

பையன் போனைத் தட்டினான்.
இரைச்சல். மூன்றாவது பாட்டு.
டக். டக். டக்.
கழுத்தில் உளுந்து வண்டு ஏறி
நான் கையை விட்ட ராத்திரி அது.
ஏழு டக். எட்டாவதுக்குள்
“டேய் ஏகாம்பரம், கடிகாரம்டா!”
ஒரு சிரிப்பு,
எந்தக் கேசட்டிலும் இல்லாதது.

இது அவர்தானே, என்றான்.
தெரியலையே, என்றேன்.
பாட்டுக்கு முன்னால் என்ன சொல்கிறார்?
அவன் முகத்தைப் பார்த்தேன். நல்ல பையன்தான்.
பல்பொடி விலை, என்றேன்.

குறித்துக்கொண்டான்.
கிளம்ப எழுந்தவனை
உட்காரச் சொன்னேன்.
இன்னொரு தரம் போடு தம்பி,
விலையைச் சரியாய்ச் சொன்னேனா
பார்க்கணும்.