மூன்று மில்லிமீட்டர்

ஆறு அங்குலம் தோண்டியதும்
கருப்பு மண் கடப்பாரையை விடமாட்டேன் என்றது.
தினகர் உதறினான், வழித்தான்,
கடைசியில் ஒரு செருப்பை அதனிடமே விட்டுவிட்டு வந்தான்.

கூத்தாநல்லூரில் புதுவீடு கட்டுகிறவர்கள்
பின்பக்கம் ஒரு காருக்கு இடம் விடுவார்கள்.
ஜபருல்லா பாய் கேட்டது
பதின்மூன்றுக்கு இருபத்தாறு அடியில்
பிளாஸ்டிக் புல்.
அதில் ஒரு குழி.

நான் இதுவரை போட்டதெல்லாம்
பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டப வாசல்,
மன்னார்குடியில் ஒரு பல் டாக்டரின் மொட்டைமாடி.
கோல்ஃப் என்றால்
கைதட்டக்கூட யோசிக்கிற கூட்டம்,
டிவியில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"குழி எவ்வளவு பாய்?"
"நூத்தியெட்டு."
ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.
"மில்லிமீட்டர் தம்பி. வாய் அகலம்.
உலகம் பூரா ஒரே அளவு."

அதைவிடச் சிக்கல் சரிவு.
உள்ளங்கையைக் காற்றில் தடவிக் காட்டினார்:
"இங்கேருந்து இப்படி இறங்கி
இந்த இடத்துல லேசா மனசு மாறணும்."
பதினாறு வருஷமாய் மட்டக்குழாய் பிடித்து
மேட்டைக் கரைத்தே பிழைத்தவன் நான்.
இந்தச் சீமையில் தண்ணீரே
யோசித்து யோசித்துத்தான் நகரும்.
மனசு மாறுகிற மேடு ஒன்றை
கிரஷர் தூளில் நான்கு தடவை கட்டி
நான்கு தடவை கலைத்தோம்.

இடிக்கிற மெஷின் ஓடியபோது
சமையலறை அலமாரியில் தம்ளர்கள் நடுங்க
பல்கீஸ் அம்மா வெளியே வந்தார்.
"இதுக்குத் தண்ணி ஊத்தணுமா?"
"வேண்டாங்க."
"உரம்?"
"வேண்டாம்."
"அப்புறம் எதுக்கு இதுக்குப் புல்லுன்னு பேரு?"
நான் பாயைப் பார்த்தேன்.
பாய் மெஷினைப் பார்த்தார்.

சுருளை விரித்ததும்
டயர் கடை வாசம்.
இரண்டு துண்டு. நடுவில் ஒரு ஒட்டு.
இழைகளின் முகம் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா என்று
அவர் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார்,
லுங்கி மண்ணாவதைப் பொருட்படுத்தாமல்.

அப்போதுதான் கேட்டேன்.
ஜொகூரில் இருபத்திரண்டு வருஷம்.
விடியக்காலை நாலு மணிக்கு
நீள மூங்கிலால் பனி தட்டிவிட்டு
வெட்டுகிற மெஷினைத் தள்ளுவாராம்.
"மூணு மில்லிமீட்டர்.
நாலாச்சுன்னா ஆபீசுக்கு ஃபோன் வரும்.
ராத்திரி தூங்குறப்பவும் அது வளருதுன்னு
காதுக்குத் தெரியும் தம்பி."

"நீங்க அடிச்சிருக்கீங்களா?"
"வெட்டுறவனுக்கு ஏது மட்டை?"

பிறகு ஒட்டுக்குப் பசை தடவும்போது,
மணல் தூவிப் பெருக்கும்போது,
டீ குடிக்கும்போது,
ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்:
"இது வளராதில்ல?"
வளராது பாய்.
சத்தியமா வளராது.

மழைக்கு அப்புறம் ஃபோன் வந்தது.
களி ஊதி ஒட்டு எழுந்துவிட்டதாம்.
மார்கழி. முதல் பஸ்.
வாசல் மணி அடிக்கச் சங்கடப்பட்டுச்
சந்து வழியே பின்பக்கம் போனேன்.

மூங்கில் கழி.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
மெல்ல வீசி வீசி
பிளாஸ்டிக் புல்லின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கழியைச் சுவரில் சாய்த்தார்,
திருடிய பொருளைப் போல.
"பனி மட்டும் இதுக்கும் இறங்குது" என்றார்.

ஒட்டைப் பிரித்து, மண்ணைச் சுரண்டி, மறுபடி ஒட்டினேன்.
பல்கீஸ் அம்மா டீயோடு வந்து
தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு
மட்டையை எடுத்து
நான் கட்டிய மேட்டின்மேல் பந்தை விட்டார்.
இறங்கியது. மனசு மாறியது. விழுந்தது.
"தினம் இதே கதை" என்றார் பாய், அத்தனை பெருமையோடு.

பந்தை எடுக்கக் குழிக்குள் கைவிட்டேன்.
ஏதோ கவ்வியது.
வாய்க்காலிலிருந்து வடிகுழாய் வழியே ஏறிவந்த
ஒரு வயல் நண்டு,
நூற்றெட்டு மில்லிமீட்டருக்குள்
கச்சிதமாய் உட்கார்ந்திருந்தது.